டெல்லி ஊழலை எல்லாரும் திட்டுதோம், ஓட்டு போடும்போது மட்டும் அது எங்க போகுது?

பாளைப்பையன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்க கேள்வி இது, கட்சிச் சண்டைக்கு இழுக்கணும்னு போடல, நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்கேன்.

2024 எலெக்‌ஷனுக்கு முன்னாடி லோக்நிதி சிஎஸ்டிஎஸ்ங்கற ஆராய்ச்சி அமைப்புக்காரங்க நாடு பூரா ஒரு சர்வே எடுத்தாங்க. போன அஞ்சு வருசத்துல ஊழல் கூடிப்போச்சுன்னு சொன்னவங்க 55 சதவீதம். 2019ல இதே கேள்விக்கு 40 தான். சரி ஜனங்க கொதிச்சுப்போய் இருக்காங்கன்னு நெனச்சு அடுத்த பக்கத்தப் பாத்தா, ஓட்டு போட எதை முக்கியமா பாக்கீங்கன்னு கேட்டதுக்கு ஊழல்னு சொன்னவங்க வெறும் 8 சதவீதம். வேலை இல்லாதது 27, விலைவாசி 23. அப்போ பாதிக்கு மேல கூடிப்போச்சுன்னு சொல்லுதாங்க, ஆனா அதுக்காக ஓட்டை மாத்துறவங்க பத்துல ஒரு ஆள் கூட இல்ல, இது எப்படி ஒத்து வரும்?

நம்ம பக்கத்துலயும் இதான் பாக்கேன். டீக்கடைல உக்காந்தா "எல்லாவனும் களவாணிப் பய" அப்படின்னு ஆரம்பிச்சு போபர்ஸ் பீரங்கி ஊழல்ல இருந்து, பேரு வெளிய தெரியாம கட்சிக்கு நன்கொடை குடுக்கற தேர்தல் பாண்டு வரைக்கும் பேசுவாங்க, அந்த டீ கிளாஸை வச்சுட்டு எந்திரிச்சதும் அது முடிஞ்சு போகும். ட்ரான்ஸ்பரன்ஸி இண்டர்நேஷனல்னு ஊழலைக் கணக்கெடுக்கற அமைப்போட லிஸ்ட்ல 2024க்கு நமக்கு நூத்துக்கு 38 மார்க் (மார்க் கூடினா ஊழல் கம்மி), 180 நாட்டுல 96வது எடம், அதைப் பத்தி ஒரு நாள் பேப்பர்ல வரும், மறுநாள் காணோம்.

நான் கேக்கறது இதான். உங்க வீட்ல, உங்க தெருவுல, மத்திய அரசு ஊழலை மனசுல வச்சு ஓட்டு போட்டவங்கள நெசமா பாத்திருக்கீங்களா? ஊழல்னு சொன்னதும் அவங்க மனசுல வர்றது டெல்லியா இல்ல நம்மூர் ஆபீஸ் ஜன்னலா?


டவுண்காரன்:

முதல்ல ஒண்ணு சொல்லிடுதேன். அந்த 96வது எடம்ங்கறது ஜனங்ககிட்ட கேட்டு எடுத்தது இல்ல, நிபுணருங்க, தொழில் பண்றவங்க இவங்க கருத்தை வச்சுப் போடுற மார்க். ஜனங்ககிட்ட கேட்டு எடுத்தது அதே ட்ரான்ஸ்பரன்ஸிகாரங்க 2020ல ஆசியா நாடுகளுக்கு விட்ட சர்வே. அதுல நம்ம நாட்டுல அரசாங்க சேவைக்குப் போனவங்கள்ல 39 சதவீதம் பேர் ஒரு வருசத்துக்குள்ள லஞ்சம் குடுத்திருக்காங்க, ஆசியாவுலயே அதான் அதிகம். 46 சதவீதம் பேர் தெரிஞ்ச ஆள் மூலமா காரியம் சாதிச்சிருக்காங்க. அரசாங்க ஊழல் பெரிய பிரச்சனைன்னு சொன்னவங்க 89.

இந்த 46 தான்வே எனக்கு முக்கியமாப் படுது. "நம்ம அத்தான் அங்க இருக்காரு, ஒரு போன் போட்டா முடிஞ்சிரும்"ங்கறத நம்மள்ல எவனும் ஊழல்னு சொல்லவே மாட்டோம், அதுக்குப் பேரு செல்வாக்கு.


அம்பை அண்ணாச்சி:

தம்பி, இது இன்னைக்கு நேத்து வந்த பழக்கம் இல்ல. எங்க அப்பா காலத்துலயே இப்படித்தான் இருந்திருக்கு. முந்த்ரா ஊழல்னு கேள்விப்பட்டிருக்கியா? எல்ஐசி 1956லதான் அரசாங்கக் கைக்கு வந்தது, மறு வருசமே ஹரிதாஸ் முந்த்ரான்னு கல்கத்தா வியாபாரியோட கம்பெனி ஷேரை 1.24 கோடிக்கு வாங்க வச்சு ஜனங்க பாலிசிப் பணத்துல கை வச்சிட்டாவ. அதை பார்லிமெண்ட்ல கிளப்புனது வேற யாரும் இல்ல, நேருவோட மருமகன் பெரோஸ் காந்தி. சாக்லா கமிஷன் போட்டாவ, எல்லாரும் பாக்க விசாரணை, 24 நாள்ல முடிச்சு அறிக்கையும் குடுத்தாச்சு. செயலாளர் செஞ்சதுக்கு மந்திரிதான் பொறுப்புன்னு சாக்லா எழுதிட்டாரு, 1958 பிப்ரவரில நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா. அவரு கை நீட்டி வாங்குனாருன்னு யாரும் சொல்லல, அதையும் சொல்லிடணும்.

டெல்லில நடந்தது இம்புட்டுதான். பொறவு நடந்ததுல நம்ம ஊருக்கும் பங்கு இருக்கு. 1962 தேர்தல்ல டிடிகே நின்னது எங்கன்னு நெனைக்க? திருச்செந்தூர். அப்ப அது திருநெல்வேலி ஜில்லா, தூத்துக்குடி தனியாப் பிரிஞ்சது 1986லதான. எதுத்து நிக்க ஒரு ஆள் இல்ல தம்பி, போட்டியே இல்லாம எம்.பி. ஆயிட்டாரு. ராஜினாமா பண்ணி நாலு வருசம்தான் ஆயிருந்தது. 1963ல மறுபடியும் அதே நிதி மந்திரி நாற்காலி. எங்க அப்பாகிட்ட பின்னாடி ஒருக்கா கேட்டேன், நீங்கல்லாம் எப்படி சும்மா இருந்தியன்னு. "காமராசர் அனுப்புன ஆளு, நாங்க என்னத்த சொல்ல" அப்படின்னுட்டு வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பிச்சிட்டாவ.

அடுத்து 1989. போபர்ஸ் பீரங்கி, 1987ல ஸ்வீடன் ரேடியோ போட்டு உடைச்சாவ, 64 கோடி கமிஷன்னு ஊரெல்லாம் செவுரு செவுரா எழுதுனாவ. வடக்க ராஜீவ் காந்தி கட்சி பாதியாச் சுருங்கிப் போச்சு, வி.பி.சிங் பிரதமர் ஆனாரு. இங்க? 39 தொகுதில காங்கிரசுக்கு 27, அதிமுகவுக்கு 11, மிச்சம் ஒண்ணே ஒண்ணு இந்திய கம்யூனிஸ்ட். அதே வருசம் சனவரிலதான் திமுக சட்டசபையைப் புடிச்சிருந்தது, அவியளுக்கு எம்.பி. ஒண்ணு கூட இல்ல. எம்ஜிஆர் போனதுக்கு அப்புறம் உடைஞ்சு கெடந்த ரெட்டலை திரும்ப ஒண்ணாச் சேந்துச்சு, ஜனம் அதுக்குப் போட்டுச்சு. பீரங்கிய எவன் கண்டான்?


பாளைப்பையன்:

அண்ணாச்சி, டிடிகே திருச்செந்தூர்ல நின்ன விசயம் எங்க அப்பாவுக்கே தெரியல, போன் போட்டுக் கேட்டேன். ஆனா ஒரு சந்தேகம். திமுக மந்திரி காலத்து செல்போன் அலைக்கற்றை விவகாரம், அந்த 2ஜி மட்டும் எப்படி அம்புட்டு தூரம் போச்சு? 2011லயும் 2014லயும் நம்மூர்லயே கிழவிங்க கூட "ஸ்பெக்ட்ரம்"னு சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு, ஸ்கூல் படிச்சிட்டு இருந்தேன்.


டவுண்காரன்:

சொன்னாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா 2011ல திமுக தோத்ததுக்கு ஸ்பெக்ட்ரம் ஒரு காரணம்னா கரண்ட் கட்டு ஒன்பது காரணம். அப்ப எங்க தெருவுல பாத்திரப் பட்டறைக்காரங்க, பவர்லூம் வச்சிருந்தவங்க எல்லாம் ராத்திரி மூணு மணிக்கு கரண்ட் வரும்னு எந்திரிச்சு உக்காந்திருப்பாங்க. அந்த எரிச்சலுக்கு ஒரு பேரு வேணும்ல, 1.76 லட்சம் கோடி நட்டம்னு மத்திய அரசு தணிக்கைத் தலைவர் சிஏஜி வினோத் ராய் ரெடியா ஒரு நம்பர் குடுத்தாரு, டிவிக்காரன் அதுக்கு எத்தனை சைபர்னு தெனம் கிளாஸ் எடுத்தான், எரிச்சலும் நம்பரும் ஒட்டிக்கிச்சு. தனியா நம்பர் மட்டும் வந்திருந்தா நிக்காது.

ஏன் சொல்லுதேன்னா, அதே சிஏஜிதான் 2023 ஆகஸ்ட்ல துவாரகா எக்ஸ்பிரஸ்வேக்கு கிலோமீட்டருக்கு 18.20 கோடின்னு ஒப்புதல் வாங்கிட்டு 250.77 கோடின்னு போயிருக்குன்னு எழுதுச்சு. ஆயுஷ்மான் பாரத் இன்சூரன்ஸ்ல ஏழு லட்சத்து சொச்சம் பேருக்கு ஒரே செல் நம்பர், பத்தும் ஒன்பது, 9999999999. இதை உங்க தெருவுல எந்தக் கிழவியாவது சொல்லிக் கேட்டிருக்கியளா? அதே ஆபீஸ், அதே மாதிரி ரிப்போர்ட், ஆனா ஒண்ணு வீட்டுக்கு வீடு போச்சு இன்னொண்ணு நியூஸ் ஸ்க்ரோல்லயே செத்துப்போச்சு.

இன்னொண்ணு, 2014ல 2ஜிக்காக திமுகவை சைபர் ஆக்குன அதே ஜனம்தான் 37 எடத்தை அதிமுகவுக்குக் குடுத்துச்சு. அப்ப ஜெயலலிதா அம்மா மேல சொத்துக்குவிப்பு கேஸ் பெங்களூர்ல ஓடிட்டு இருந்தது, செப்டம்பர்ல தண்டனையும் வந்துச்சு, 2016ல திரும்பவும் அவங்கதான் முதலமைச்சர். ஊழலுக்குத்தான் ஓட்டு மாறுச்சுன்னா இது ஒட்டவே ஒட்டாதுல்லா.


பணகுடி_காத்து:

ஒரு பக்கமா பேசாதீய அண்ணே. துவாரகா ரோடு தரைல போட்ட ரோடு இல்ல, பாதிக்கு மேல பாலம், சுரங்கம், எட்டு லேன், அதை சாதா ரோட்டோட வச்சுக் கணக்குப் பாத்தா அப்படித்தான் வரும்னு அமைச்சகமே பதில் சொல்லியாச்சு. நம்ம காவல்கிணறு பக்கம் நாலுவழிச்சாலை நெலமும் டெல்லிப் பக்கத்து நெலமும் ஒண்ணா?

எனக்கு ஏன் கோவம் வரலன்னு நான் சொல்லுதேன். ராஜீவ் காந்தியே 1985ல சொன்னாரு, டெல்லில இருந்து ஒரு ரூபா விட்டா ஜனங்ககிட்ட 15 பைசாதான் போகுதுன்னு. இன்னைக்கு எங்க ஆச்சிக்கு கிசான் பணம் 2000 வந்தா டிங்னு போன்ல மெசேஜ் வருது, அவளுக்குப் படிக்கத் தெரியாது ஆனா அந்தச் சத்தம் தெரியும். நூறு நாள் வேலைச் சம்பளம், கேஸ் மானியம் எல்லாம் அக்கவுண்ட்ல. இடையில நின்னு புடுங்குனவன் போயிட்டான், இதை மாத்தம்னு சொல்லாம வேற எதைச் சொல்லணும்?


டவுண்காரன்:

அமைச்சகம் சொன்னது சரியா இருக்கலாம், அதே மாதிரி 2ஜிலயும் அது கைய விட்டுப் போன நட்டம் இல்ல, இப்படி வித்திருந்தா இம்புட்டு வந்திருக்கும்னு ஒரு அனுமானக் கணக்குதான்னு அன்னைக்கே சொன்னாங்க. அதை அப்ப நீங்க யாராவது காதுல வாங்குனியளா?

கிசான் பணம் சொன்னீயல்லா, 2020 ஞாபகம் இருக்கா? நம்ம தமிழ்நாட்டுலதான், அஞ்சரை லட்சம் போலி விவசாயி, 110 கோடி போயிருக்குன்னு வேளாண்மைச் செயலாளரா இருந்த ககன்தீப் சிங் பேடியே சொன்னாரு. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்னு வரிசையா, பாஸ்வேர்டை வெளிய குடுத்து கம்ப்யூட்டர் சென்டர்ல வச்சே ஆளைச் சேத்திருக்காங்க. இடையில நின்னவன் எங்கயும் போகல, ஜன்னல்ல இருந்து கம்ப்யூட்டர் சென்டருக்கு மாறி உக்காந்துட்டான், அவ்வளவுதான்.

பாண்டைப் பத்தி பேசவே வேண்டாம். 2018ல வந்துச்சு, 2024 பிப்ரவரி 15ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு ஜட்ஜும் சேந்து செல்லாதுன்னுட்டாங்க, லிஸ்ட் வெளிய வந்தா 2019 ஏப்ரல்ல இருந்து கணக்குப் பாத்து பாஜகவுக்கு மட்டும் 6000 கோடிக்கு மேல.


பணகுடி_காத்து:

அதே லிஸ்ட்ல அதிகமா பாண்டு வாங்குனது யாரு? கோயம்புத்தூர் லாட்டரி மார்ட்டின் கம்பெனி, 1368 கோடி. அதுல 509 கோடி திமுகவுக்குப் போச்சுன்னு திமுகவே எழுதிக் குடுத்திருக்கு. தமிழ்நாட்டுல லாட்டரியே கெடையாது, 2003லயே நிப்பாட்டியாச்சு. இதை எங்கூர்ல பேசுனா எல்லாரும் வேற பக்கம் பாக்காங்க.


டவுண்காரன்:

நான் எங்க வேற பக்கம் பாத்தேன்? ரெண்டு பேரும் வாங்குனதாலதான் ஒருத்தனும் மேடைல பேசல. அதான் ஓட்டுல ஏறல. தம்பி கேட்ட கேள்விக்கு இதுவே ஒரு பதில்தான்.


குறும்புக்காரன்62:

ஏலேய் எதுக்குலே இம்புட்டு ஆராய்ச்சி. 2024 ஏப்ரல்ல நெல்லை எக்ஸ்பிரஸ்ல கிட்டத்தட்ட 4 கோடிய தாம்பரத்துல புடிச்சாங்கல்லா, அது நம்மூருக்கு வந்துட்டு இருந்த துட்டு. டெல்லி ஊழல் ஓட்டுல ஏறாது, ரயில்லதான் ஏறும் 😂 சவத்த விட்டுட்டு வேற சோலியப் பாருங்க


முக்கூடல் பொண்ணு:

பெரிய பெரிய நம்பரா போகுது. எங்க வீட்ல ஊழல்னா என்னன்னு நான் சொல்லுதேன், கொஞ்சம் நீளமா இருக்கும், மன்னிக்கணும்.

எங்கம்மா முப்பது வருசத்துக்கு மேல பீடி சுத்துனவ. சொளவை மடில வச்சா நிமிர மாட்டா, முதுகு இப்ப வளைஞ்சே போச்சு. கண்ணு மங்கி வேலைய விட்டதும் அவளுக்கு வரவேண்டிய பணம் ஒண்ணு உண்டு, மத்திய அரசு ஆபீஸ்தான், எந்த ஆபீஸ்னு போட விரும்பல. கம்பெனி புக்குல பேருக்குப் பின்னாடி "அம்மாள்"னு இருக்கு, ஆதார்ல அம்மாள் இல்ல. இந்த ஒரு அம்மாளுக்காக மனு திரும்பி வந்துச்சு.

ஆபீஸுக்கு எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடை, அதுக்கு வெளிய ஒரு ஸ்டூல், அதுல ஒரு ஆளு. மஞ்சப்பை நெறைய ஃபாரம், சட்டைப் பையில மூணு கலர் பேனா, ஸ்டாம்ப் பேடு வேற. எங்களை மாதிரி பீடிக்காரப் பொம்பளைங்க பஸ்ஸை விட்டு எறங்குனதும் நடையைப் பாத்தே கண்டுபிடிச்சிருவான் போல. "அக்கா வாங்க, பேரு தப்பா? உள்ள குடுக்கணும், 3500 ஆகும், எனக்கு அதுல நூறுதான் மிஞ்சும்" அப்படின்னான். குடுத்தோம். ஒன்றரை மாசத்துல பணம் வந்துட்டு.

இதுல விசயம் என்னன்னா, உள்ள இருந்த ஆபீசர் யாரும் எங்ககிட்ட அஞ்சு காசு கேக்கல. ஒருத்தர் ஒரு தடவ "எதுக்கும்மா அலையுதீய, கம்பெனில லெட்டர் வாங்கிட்டு வாங்க போதும்"னு கூட சொன்னாரு. அந்த 3500 உள்ள போச்சா இல்ல அவன் பையிலயே இருந்துச்சா, சத்தியமா எங்களுக்குத் தெரியாது. ஆனா எங்க தெருவுல இருக்க அத்தனை பொம்பளைங்களும் "அந்த ஆபீஸ்ல 3500 குடுத்தாத்தான் நடக்கும்"னுதான் சொல்லுவாங்க, இனி யாரு போனாலும் நேரா ஸ்டூலுக்குத்தான் போவாங்க. சர்வேக்காரன் வந்து கேட்டா எங்கம்மா லஞ்சம் குடுத்தேன்னுதான் சொல்லுவா. யாருக்குக் குடுத்தன்னு கேட்டா முழிப்பா.

ஓட்டுன்னு கேட்டீங்கல்லா. அம்மாவுக்கு அது மத்திய அரசு ஆபீஸ்னே தெரியாது. கவர்மெண்டு அவ்வளவுதான். அவ சாபம் குடுத்தது முழுக்க அந்த ஸ்டூல்காரனுக்கு, அவன் எலெக்‌ஷன்ல நிக்கல.


உவரிக்காரன்:

இந்தத் தங்கச்சி எழுதுனதைப் படிச்சதுக்கு அப்புறம்தான் எனக்கும் எழுதணும்னு தோணுச்சு. எங்க கடற்கரையைப் பத்தி யாரும் பேசல.

உவரி, கூத்தங்குழி, பெருமணல் பக்கம் கரைல நடந்தா மண்ணு சில எடத்துல செவப்பா இருக்கும் சில எடத்துல கருப்பா இருக்கும். செவப்பு கார்னெட், கருப்பு இல்மனைட். அதோட கலந்து கெடக்கறதுதான் மோனசைட், அதுல தோரியம் இருக்கு, அது அணுசக்தித் துறை சரக்கு, தனியார் தொடவே கூடாது. அப்ப குத்தகை குடுத்தது மாநிலம், மைனிங் பிளானுக்கு கையெழுத்து போட்டது மத்திய அரசு சுரங்கப் பணியகம், கப்பல்ல ஏறும்போது பாக்கறது கஸ்டம்ஸ், அதுவும் மத்திய அரசு. இத்தனை பேரு கையெழுத்து போட்டு, கண்ணு முன்னாடி லாரி லாரியா போச்சு. 2013 ஆகஸ்ட்ல தூத்துக்குடி கலெக்டர் ரெய்டு விட்டாரு, கையோட அவரை மாத்திட்டாங்க. ஜனங்க சத்தம் போட்டதுக்கு அப்புறம் மேல சொன்னாரே அந்த பேடி, அவரு தலைமைல குழு போட்டாங்க, செப்டம்பர்ல தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூணு ஜில்லாலயும் தாது மணல் அள்ளத் தடை. அதுக்கு அப்புறமும் குடோன்ல இருந்த சரக்கு எங்க போச்சுன்னு கேஸு, கேஸு, கேஸு. 2025 பிப்ரவரிலதான் ஹைகோர்ட் சிபிஐ விசாரிக்கணும்னு உத்தரவு போட்டுச்சு, 5832 கோடி கட்டணும்னு அரசாங்கம் கேட்டதும் சரின்னுச்சு. அதிகாரிங்க கூட்டு இல்லாம நடந்திருக்காதுன்னு கோர்ட்டே எழுதியிருக்கு. பன்னெண்டு வருசம் ஆச்சு, ரெய்டு நடந்தப்ப கைக்கொழந்தையா இருந்த பிள்ளைங்க இப்ப வள்ளத்துல ஏறுது.

இப்ப ஜனங்க கருத்துக்கு வாரேன். நீங்க நெனைக்கற மாதிரி ஊரே சேந்து எதுத்துச்சுன்னு இல்ல. பாதிப் பேரு அங்க வேலைக்குப் போனாங்க, கோயில் திருவிழாவுக்கு நன்கொடை வந்துச்சு, சர்ச்சுக்கு டைல்ஸ் வந்துச்சு. மணலுக்கு ஆதரவு எதிர்ப்புன்னு ஊரு ரெண்டாப் பிரிஞ்சு கல்யாணத்துக்கே போக்குவரத்து இல்லாமப் போன குடும்பம் எனக்குத் தெரியும். மணலை எதுத்தவனை "நல்லா இருக்க ஊரைக் கெடுக்கான்"னு சொன்னாங்க. எங்க பக்கம் ஓட்டு கேட்டு வந்தவங்க கடல் அரிப்பைத் தடுக்க தூண்டில் வளைவு போட்டுத் தருவோம்னாங்க, டீசல் மானியம்னாங்க, மணல்னு ஒரு வார்த்தை எவன் வாயில இருந்தும் நான் கேக்கல. கேட்டா மத்திய அரசுக்காரன் மாநிலம்ங்கான், மாநிலக்காரன் அணுசக்தித் துறைங்கான்.

டெல்லி ஊழல்னு தம்பி தனியாப் பிரிக்கறதே எனக்குப் புரியல. எங்க கரைல அது தனியா வரல, கலந்துதான் வந்துச்சு.


வக்கீல்_பாளை:

நான் கோர்ட்ல பாக்கறதை வச்சு ஒண்ணு சொல்றேன். ஜனங்க மறதிக்காரங்கன்னு சும்மா சொல்லிட்டு போக முடியாது. தீர்ப்பு வராத குற்றத்தை எத்தனை வருசம் ஒருத்தன் மனசுல தூக்கிட்டு அலைவான்?

2ஜில 2011 பிப்ரவரி 2ல அந்த மந்திரி ராசா கைது, சரியா ஒரு வருசம் கழிச்சு அதே தேதில சுப்ரீம் கோர்ட் 122 லைசென்ஸையும் ரத்து பண்ணுச்சு. 2017 டிசம்பர் 21ல ஸ்பெஷல் கோர்ட் ஜட்ஜ் சைனி எல்லாரையும் விடுதலை பண்ணிட்டாரு. ஏழு வருசம் காலை பத்துல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் உக்காந்திருந்தேன், சட்டப்படி செல்லுற ஒரு ஆதாரத்தோட யாராவது வருவாங்கன்னு, ஒருத்தரும் வரலன்னு தீர்ப்புலயே எழுதினாரு. சிபிஐ அப்பீலை ஹைகோர்ட் விசாரணைக்கு எடுத்துக்கறேன்னு சொல்றதுக்கே 2024 மார்ச் ஆகிப்போச்சு. போபர்ஸ்லயும் ராஜீவ் காந்தி மேல இருந்த லஞ்சக் குற்றச்சாட்டை 2004ல டெல்லி ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு, அவரு எறந்து 13 வருசம் கழிச்சு. ஆக ஓட்டு போட்டவனுக்கு ரெண்டு விதமாவும் ஏமாத்தம். தப்பு நடந்துச்சுன்னு நம்பினவனுக்கு தண்டனை இல்ல, நடக்கலன்னு நம்பினவனுக்கு அந்தப் பழி போக அம்புட்டு வருசம்.

பெரிய பதவில இருக்கறவங்க ஊழலை விசாரிக்கன்னு கேட்ட லோக்பால் கதை அதை விட மோசம். 2011ல அண்ணா ஹசாரே டெல்லில உண்ணாவிரதம் இருந்தப்ப இங்க பாளைல காலேஜ் பசங்க மெழுகுவத்தி ஏத்துனாங்க, நானும் போனேன். சட்டம் 2013, நடைமுறைக்கு வந்தது 2014 சனவரி, முதல் தலைவரை நியமிச்சது 2019 மார்ச். 2025 அக்டோபர்ல பேப்பர்ல வந்தது லோக்பாலுக்கு ஏழு பிஎம்டபிள்யூ கார் வாங்க டெண்டர்னு. மெழுகுவத்தி ஏத்துன ஒருத்தன் எனக்கு அதை ஃபார்வர்ட் பண்ணிட்டு ஒண்ணுமே எழுதல, வெறும் கார் பொம்மை ஒண்ணு போட்டிருந்தான்.

2018ல ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினாங்க, அதுல 17ஏன்னு ஒரு பிரிவு. அதிகாரி எடுத்த முடிவு சம்பந்தமா விசாரிக்கணும்னா முன்கூட்டியே மேல அனுமதி வாங்கணும். நேர்மையா முடிவெடுக்கறவங்க பயப்படக் கூடாதுன்னு காரணம் சொல்றாங்க, அதுலயும் நியாயம் இல்லாம இல்ல, ஆனா யார் மேல விசாரணையோ அவங்க மேலதிகாரிகிட்டயே போய் நிக்கணும்னா அது எங்க நகரும்.

அந்த முக்கூடல் தங்கச்சிக்கு. அதே திருத்தத்துல லஞ்சம் குடுத்தவங்களும் குற்றவாளின்னு வந்திருக்கும்மா. கட்டாயத்துனால குடுத்தேன்னா ஏழு நாளைக்குள்ள போலீஸ்லயோ விசாரணை அமைப்புலயோ சொல்லிடணும், அப்ப தப்பில்ல. உங்க ஸ்டூல்காரனுக்கும் தனிப் பிரிவு இருக்கு, 7ஏ, அரசு ஊழியரைச் சரிக்கட்டுறேன்னு சொல்லி பணம் வாங்குறவனுக்கு. உள்ள குடுத்தானா இல்லையாங்கறது கூட அப்புறம்தான். மத்திய அரசு ஆபீஸ்னா நம்ம விஜிலன்ஸ் தொட முடியாதுன்னு பல பேரு நெனைக்கிறாங்க, அப்படி இல்ல, 2023 டிசம்பர்ல திண்டுக்கல்ல அமலாக்கத்துறை அதிகாரியையே 20 லட்சம் வாங்குன கேஸ்ல நம்ம மாநில விஜிலன்ஸ்தான் கைது பண்ணுச்சு.


பணகுடி_காத்து:

சார் அந்த ஏழு நாள் விசயம் எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். பாஸ்போர்ட்டுக்கு வெரிஃபிகேஷனுக்கு வந்தவருக்கு டீச் செலவுன்னு 500 குடுத்தேனே, அது எந்தக் கணக்கு? பாஸ்போர்ட் ஆபீஸ்ல உள்ள எல்லாம் டோக்கன், கவுண்டர்னு சுத்தமா நடந்துச்சு, ஒருத்தன் ஒத்தப் பைசா கேக்கல, கடைசில வீட்டு வாசல்லதான் கேட்டாங்க.


அம்பை அண்ணாச்சி:

கேட்டாங்களா, நீயா குடுத்தியா? நெசத்தச் சொல்லு.


பணகுடி_காத்து:

கேக்கல அண்ணாச்சி. ஆனா போகவும் இல்ல, நின்னுட்டே இருந்தாரு.


பாளைப்பையன்:

வக்கீல் சார், அந்த அக்கா குடுத்து ஏழு நாள் எப்பவோ தாண்டியிருக்குமே, இப்ப புகார் குடுத்தா அவங்க மேலயே திரும்புமா?


வக்கீல்_பாளை:

தாண்டியிருந்தா அந்தப் பாதுகாப்பை நேரடியா கேக்க முடியாது, ஆனா புரோக்கர் ஏமாத்தினான்னு சாதாரண மோசடிப் புகாராவே குடுக்கலாம், அந்த ஆபீஸோட விஜிலன்ஸ் பிரிவுக்கு ஒரு லெட்டர் எழுதலாம், மத்திய அரசுக்கு புகார் போடுற பிஜி போர்ட்டல்ல ஆன்லைன்லயும் போடலாம். உள்ள யாருக்கும் குடுத்ததா எங்களுக்குத் தெரியாதுன்னு இங்க எழுதுன மாதிரியே எழுதினா போதும். பணம் கைல குடுத்தீங்களாம்மா, இல்ல வேற எதுவும் தடயம் இருக்கா?


முக்கூடல் பொண்ணு:

1500 கைல, 2000 ஜிபேல சார். அந்தாளு பேரும் நம்பரும் ஹிஸ்டரில அப்படியே இருக்கு, இப்பதான் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். ஆனா எங்க சித்தியோட மனுவும் அவன் பையிலதான் கெடக்கு, போன மாசம் குடுத்தது, ஒரிஜினல் பாஸ்புக்கோட. அது கைக்கு வர்ற வரைக்கும் நான் யாருக்கும் எழுத மாட்டேன் சார், தப்பா நெனைக்காதீய.